பரம்பரையும் பழியும்

ஒரு நோய் பெற்றாரிடமிருந்து பிள்ளைக்கு வந்ததென்று விஞ்ஞானம் கூறுமாயின், அந்நோய்க்கு யார் பொறுப்பு? மேலோட்டமாக நோக்குவார்க்கு இது மருத்துவர்களின் வினாவாகத் தோன்றும். உண்மையில் இது நம் சமுதாயத்தின் வினா. அதிலும், பெண்ணைப் பற்றி நாம் கொண்டுள்ள எண்ணங்களைச் சோதிக்கும் வினா. பொதுப்படப் பேசினால் இது வெறும் தர்க்கமாக முடிந்துவிடும். ஆதலால், பிள்ளைப்பேற்றுப் பருவத்துப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு உலகெங்கும் உள்ளதாகக் கணக்கிடப்படும் ஒரு நோயை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

மருத்துவர் இதனைச் சூலகப் பல்கட்டி நோய்க்குறித் தொகுதி என்பர். ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் அது 'பீ.ஸீ.ஓ.எஸ்.' என்ற நான்கெழுத்தாக நிற்கும். மாதவிலக்கு ஒழுங்கு தப்புதல், முகத்திலும் மார்பிலும் மயிர் தடித்து வளர்தல், முகப்பரு, உடல் பருத்தல், கருத்தரிப்புத் தாமதித்தல் ஆகியன இதன் புறக்குறிகள். எல்லாம் எல்லாரிடமும் தோன்றுவதில்லை. மெலிந்த உடலினரிடமும் இந்நோய் உண்டு. ரொத்தர்டாம் நகரில் 2003ஆம் ஆண்டு கூடிய அறிஞர், சூல் வெளிப்படாமை, அந்திரோசன் மிகுதி, ஸ்கான் படத்திற் காணும் சூலகத் தோற்றம் என மூன்று அடையாளங்களை வகுத்து, வேறு காரணங்களை விலக்கியபின் அவற்றுள் இரண்டு இருப்பின் நோயுண்டெனக் கொள்ளலாம் என்றனர்.

'கட்டி' என்ற சொல்லே இங்கு பொருந்தாது என்பதையும் கூறவேண்டும். ஸ்கான் படத்தில் முத்துக்கள் கோத்தாற்போற் காணப்படுபவை கட்டிகள் அல்ல; சூல்முட்டையைத் தாங்கி முதிரவேண்டிய புடைப்புகள் வளர்ச்சி இடைநடுவில் நின்றுபோனமையின் தோற்றமே அது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையங்கள் 2012இல் கூட்டிய குழு, இப்பெயர் மக்களை மயக்குகின்றதென்று கூறி, அதனை மாற்றுமாறே பரிந்துரைத்தது. கட்டி என்றதும் புற்றுநோயை எண்ணி நடுங்கும் தாய்மார் எத்தனை பேர்!

நடுக்கம் அடங்கியபின் வருவது விசாரணை. நம் ஊர்களில் இந்நோயைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. ஒன்று, 'வாயைக் கட்டத் தெரியாதவள்' என்பது. உடல் பருத்தமைக்கு அவளே காரணம். சோம்பலும் தீனியும் அவளை இந்நிலைக்குக் கொணர்ந்தன என்பது அதன் பொருள். மற்றது, 'அது தாய்வழியில் வந்த வருத்தம்' என்பது. பெரியம்மாவுக்குப் பிள்ளையில்லை, சித்திக்குச் சலரோகம், ஆகவே அந்தக் குடும்பத்தின் இரத்தமே அப்படி என்பது அதன் பொருள். இரண்டும் ஒன்றோடொன்று முரணானவை. அவளே தேடிக்கொண்டதாயின் அது பிறப்பில் வந்ததாகாது. பிறப்பில் வந்ததாயின் அவள் தேடிக்கொண்டதாகாது. எனினும், காலையில் ஒன்றையும் மாலையில் மற்றதையும் ஒரே வாய் கூசாமற் கூறுவதை நாம் கேட்டிருக்கின்றோம். தீர்ப்பு முதலில் எழுதப்பட்டுவிட்டது. காரணம் பின்னரே தேடப்படுகின்றது.

விஞ்ஞானத்தின் வரலாறும் இக்குறையிலிருந்து முற்றாக நீங்கியதன்று. இத்தாலியரான வலிஸ்னெரி 1721இல், மணமாகியும் பிள்ளைபெறாத ஓர் இளம் குடியானவப் பெண்ணின் சூலகங்கள் வழக்கத்திற் பெரியனவாய், வெண்மையும் மினுக்கமும் கொண்டு புறாமுட்டைபோல் இருந்தன என்று எழுதிவைத்தார். இருநூறு ஆண்டுகள் கழித்து, 1921இல், அஷார், தியேர் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர் மயிர் வளர்ச்சிக்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவைக் கண்டனர். அக்கண்டுபிடிப்பு அரியது, ஆனால் அவர்கள் அதற்கு இட்ட பெயர் 'தாடியுடைய பெண்களின் நீரிழிவு' என்பதாகும். கண்காட்சிக் கூடாரத்தில் நின்று நோக்குவோனின் பார்வை அப்பெயரில் இருக்கின்றது. பின்னர் 1935இல் சிக்காகோ நகரின் ஸ்டெயின், லெவென்தால் என்போர் ஏழு பெண்களின் நிலையை ஒருங்கே விவரித்து, சூலகத்தின் ஒரு கூற்றை ஆப்புவடிவில் வெட்டியெடுக்கும் சத்திரசிகிச்சையால் மாதவிலக்கு மீண்டதை அறிவித்தனர். அதன்பின் நெடுங்காலம் இது சூலகத்தின் நோயாகவே, அதாவது பிள்ளைபெறும் உறுப்பின் பழுதாகவே கருதப்பட்டது. 1980ஆம் ஆண்டளவிலேயே, இப்பெண்களின் இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதும் அந்திரோசன் மிகுந்திருப்பதும் சேர்ந்து செல்கின்றன என்பது அளந்து காட்டப்பட்டது.

அது காட்டப்பட்டபின் நோயின் உருவமே மாறியது. தசையும் ஈரலும் இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்க்காதபோது சதையி மேலும் மேலும் அதனைச் சுரக்கின்றது. ஆனால், சூலகம் அவ்வாறு செவிடாவதில்லை. மிகுந்த இன்சுலினால் தூண்டப்பெற்று மிகுந்த அந்திரோசனை ஆக்குகின்றது. அதே வேளையில், அந்திரோசனைப் பற்றிக் கட்டிவைக்கும் புரதத்தை ஈரல் குறைத்துவிடுவதால், கட்டற்ற அந்திரோசன் இரத்தத்திற் பெருகுகின்றது. புடைப்புகள் முதிராது நிற்கின்றன. சூல் வெளிவராது போகின்றது. (அந்திரோசனை 'ஆண்பால் ஓமோன்' என்பதும் ஒரு தப்பெண்ணமே. பெண்ணுடலிலும் அது இயல்பாகச் சுரப்பது. இங்கு வேறுபடுவது அளவு மட்டுமே.) பருத்த உடல் இன்சுலின் தடையை வளர்க்கின்றது, இன்சுலின் மிகுதி உடலைப் பருக்கச் செய்கின்றது. இச்சுழலுள் அகப்பட்டவளைப் பார்த்து 'வாயைக் கட்டு' என்பது, சுழியில் அகப்பட்டவனைப் பார்த்து 'கரையேறு' என்பது போன்றதே. உடல் எடையிற் சிறு பங்கு குறைந்தாலும் பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகின்றது என்பது உண்மை. ஆயினும், இந்த அறிவுரையைச் சொல்பவருக்கு அதன் விலை தெரிவதில்லை.

இனிப் பரம்பரைக்கு வருவோம். இந்நோய் குடும்பங்களில் திரண்டு காணப்படுவதை 1968ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர் குறித்தனர். ஒரேயொரு பரம்பரையலகின் வேலை இது என்று எண்ணினர். அமெரிக்காவில் 1998இல் வெளியான ஓர் ஆய்வு, நோயுற்ற 80 பெண்களின் 115 சகோதரிகளைச் சோதித்தது. அவர்களுள் நூற்றுக்கு 22 பேருக்கு அதே நோய் இருந்தது. இன்னும் 24 பேருக்கு மாதவிலக்கு ஒழுங்காயிருந்தும் அந்திரோசன் மிகுந்திருந்தது. ஒல்லாந்தில் 2006இல் வெளியான இரட்டையர் ஆய்வில், ஒருகரு இரட்டையரிடையே நோயின் ஒற்றுமை 0.71 எனவும், இருகரு இரட்டையரும் ஏனைய சகோதரிகளும் ஆகியோரிடையே 0.38 எனவும் கணிக்கப்பட்டது. இவற்றைக்கொண்டு, நோயின் வேறுபாட்டில் நூற்றுக்கு எழுபது பங்கு பரம்பரையால் வருவதென்றனர்.

ஆயின், அந்தப் பரம்பரை எங்கே உள்ளது? 2011இல் சீன ஆய்வாளர் நிறமூர்த்தங்களில் மூன்று இடங்களைக் காட்டினர். 2018இல் ஐரோப்பிய வழியினரான 10,074 நோயாளரையும் 103,164 பிறரையும் ஒப்பிட்ட பேராய்வு 14 இடங்களைக் காட்டியது. சில சூலகத்தைத் தூண்டும் ஓமோன்களோடு தொடர்புடையன. சில உடலின் சக்திப் பயன்பாட்டோடு தொடர்புடையன. ஒவ்வொன்றும் நோயின் வாய்ப்பைச் சிறிதளவே கூட்டுவது. ஒவ்வொன்றும் நோயற்ற கோடிக்கணக்கானோரிடமும் இருப்பது. கண்டுபிடித்தவை யாவற்றையும் கூட்டினாலும், இரட்டையர் ஆய்வு காட்டிய பரம்பரைப் பங்கில் பத்திலொரு கூற்றைக்கூட அவை விளக்கப் போதா. கல்யாணத் தரகர் தேடும் 'கெட்ட இரத்தம்' ஓரிடத்திலும் இல்லை. நம் எல்லாரிடமும் சிதறிக் கிடக்கும் சிறு மாற்றங்கள் சிலரிடம் கூடுதலாக ஒன்றுசேர்கின்றன, அவ்வளவே.

இவ்வாராய்ச்சிகளுள் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது ஒன்றுண்டு. இப்பரம்பரையலகுகள் நிற்கும் நிறமூர்த்தங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானவை. தந்தையும் அவற்றைச் சுமக்கிறான். அண்ணனும் தம்பியும் சுமக்கின்றனர். சூலகம் இல்லாத காரணத்தால் அவர்களிடம் அந்நோய் அப்பெயருடன் தோன்றுவதில்லை. ஆனால் வேறு பெயருடன் தோன்றுகின்றது. 2018ஆம் ஆண்டின் அதே ஆய்வு, ஆண்களின் வழுக்கையோடு தொடர்புடைய பரம்பரை மாற்றங்களுக்கும் இந்நோய்க்கும் உறவு காட்டியது. பின்னர் பிரித்தானியாவில் திரட்டப்பெற்ற பெருந்தரவுகளைச் சோதித்தபோது, இந்நோய்க்குரிய மாற்றங்களை மிகுதியாகக் கொண்ட ஆண்களிடம் உடற்பருமனும் நீரிழிவும் வழுக்கையும் கூடுதலாக இருக்கக் காணப்பட்டது. அங்ஙனமாயின், முப்பது வயதில் முன்தலை வெளித்து, தகப்பனின் நீரிழிவையும் முதுசமாகப் பெறப்போகும் மாப்பிள்ளையின் வீட்டார், பெண்ணின் மாதவிலக்கை விசாரிக்க ஆளனுப்புவது எத்தகைய நீதி? 'தாய்வழி வருத்தம்' என்ற சொல் விஞ்ஞானமன்று. ஆணின் வழுக்கை முதிர்ச்சியின் அழகாகவும், பெண்ணின் முகமயிர் குடும்பத்தின் மானக்கேடாகவும் எண்ணப்படும் சமுதாயம் உண்டாக்கிய சொல் அது.

'நூற்றுக்கு எழுபது' என்ற எண்ணையும் சற்று உரசிப் பார்க்கவேண்டும். ஒரு பெண்ணின் நோயில் எழுபது பங்கு பிறப்பால், முப்பது பங்கு நடத்தையால் என்று இதனைப் பொருள்கொள்வோர் படித்தவரிடையேயும் பலர். அது பெருந்தவறு. ஒரே நாற்றுமேடையிற் கிளம்பிய புகையிலைக் கன்றுகளை ஒரே தோட்டத்தில் நட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பசளையும் தண்ணீரும் விட்டால், கன்றுக்குக் கன்று காணும் உயர வேறுபாடு பெரும்பாலும் விதையின் வேறுபாடாகவே இருக்கும். பசளை எல்லாவற்றுக்கும் ஒன்றாயிருந்தமையால் வேறுபாட்டுக் கணக்கில் அது வருவதில்லை. அதற்காகப் பசளையால் பயனில்லை என்று கூறும் தோட்டக்காரன் உண்டா? அடுத்த போகம் நல்ல பசளை இட்டால் எல்லாக் கன்றும் ஓங்கும். அப்போதும் வேறுபாடு விதையின் பேரிலேயே நிற்கும். மனிதரின் உயரமும் பெரிதும் பரம்பரையால் வருவதே. எனினும், கொரியப் பெண்களின் சராசரி உயரம் 1914 முதல் 2014 வரையான நூறாண்டில், ஒரு விதையும் மாறாமலே, 20 சென்றிமீற்றர் கூடிற்று. பிறப்பில் வந்தது மாற்ற முடியாதது என்பதும் பொய். பீனைல்கீற்றோன்யூரியா என்னும் நோய் ஒரே பரம்பரையலகின் பழுதால் வருவது. பிறந்தவுடன் ஒரு துளி இரத்தத்திற் கண்டறிந்து உணவை மாற்றினால் குழந்தையின் மூளை காப்பாற்றப்படுகின்றது.

இவ்விடத்தில் முற்போக்காளர்க்கு ஒரு சபலம் உண்டு. பரம்பரை என்ற பேச்சே பிற்போக்கு, எல்லாம் சூழலின் விளைவு என்று சாதித்துவிட்டால் வேலை எளிதாகிவிடும் அல்லவா? அவ்வழி முன்னரே நடந்து பார்க்கப்பட்ட வழி. 1948இல் சோவியத் வேளாண்மை விஞ்ஞானக் கழகத்தின் கூட்டத்தில் லைசென்கோ வென்றார். பிறப்புரிமையியல் முதலாளித்துவப் பொய் எனத் தள்ளப்பட்டது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, உலகெங்கும் சென்று பயிர்வித்துகளைத் திரட்டிய வவிலோவ் சிறையில் மாண்டிருந்தார். கேடடைந்தது சோவியத் வேளாண்மையே. மாறாக, மார்க்சியராயிருந்த காலத்தில் ஹோல்டேன் 1938இல் வெளியிட்ட 'பரம்பரையும் அரசியலும்' என்ற நூலில் பரம்பரையை மறுக்கவில்லை. அதனைக் காட்டி மக்களைக் கட்டாய மலடாக்கும் சட்டங்களையே மறுத்தார். 1957இல் இந்தியா வந்து, அந்நாட்டின் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர் அவர். உண்மையை மறுக்காமலே அநீதியை மறுக்கலாம் என்பதற்கு அவர் போதிய சான்று.

அநீதி வெறும் அச்சமன்று, நடந்தேறியது. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கேரி பக் என்னும் ஏழை இளம்பெண்ணை மந்தபுத்திப் பரம்பரையினள் எனக்கொண்டு, வேர்ஜினியா அரசு மலடாக்கலாமெனத் தீர்ப்பளித்தது. நீதியரசர் ஒன்பதின்மருள் ஒருவரே மறுத்தார். அவள் வன்புணர்வுக்கு ஆளாகிப் பெற்ற குழந்தையும் அப்பரம்பரைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. அச்சிறுமி பின்னர் பாடசாலையில் சிறப்புத் தேர்ச்சி பெற்றோர் பட்டியலில் இடம்பெற்றாள். அத்தகைய சட்டம் இன்று வேண்டியதில்லை. சந்தையே அவ்வேலையைச் செய்யும். கருநிலையிலேயே வருங்கால நோய்களுக்குப் புள்ளியிட்டு விலைக்குத் தரும் கம்பெனிகள் அமெரிக்காவில் தோன்றிவிட்டன. சாதகக் கட்டத்தில் செவ்வாயைத் தேடிய கண்களுக்குப் பரம்பரையலகுக் கட்டம் கிடைத்தால் என்ன செய்யும் என்பதை நம்மவர்க்கு விளக்கவேண்டியதில்லை.

இப்போது கடினமான வினாவுக்கு வருவோம். மணம் பேசப்படும் பெண் தன் நோயைச் சொல்லத்தான் வேண்டுமா? 'உண்மையை மறைத்துச் செய்த கல்யாணம் ஏமாற்று' என்று கூறுவோர் யாவரும் கெட்டவர் அல்லர். வாழ்வைப் பகிரப்போகும் இருவரிடையே ஒளிவு கூடாது என்ற நியாயம் அதில் உண்டு. அதனை நாமும் ஏற்கின்றோம். ஆனால், நம்மிடையே கேட்கப்படுவது அந்த உண்மையன்று. மணமகன் கேட்பதில்லை, அவன் தாயும் மாமனும் தரகரும் கேட்கின்றனர். கேட்பது அறிந்துகொள்வதற்கன்று, பெண்ணை மறுப்பதற்கு, அல்லது சீதனத்தை உயர்த்துவதற்கு. நோய் பேரம்பேசும் பொருளாகின்றது. உண்மை கூறுதல் கடமையாவது, கேட்பவனும் அதே உண்மையைக் கூறக் கடமைப்பட்டிருக்கும்போதே. ஒருவர் மட்டும் கூண்டில் நிற்க மற்றவர் நீதிபதியாயிருக்கும் இடத்தில், சொல்லாதிருப்பது பொய்யாகாது, அது தற்காப்பு. இருவரும் தனித்துப் பேசி, அவன் தன் குடும்ப நீரிழிவையும் அவள் தன் நோயையும் ஒருவர்க்கொருவர் கூறக்கூடிய நிலை இருப்பின், அங்கே அவள் மறைப்பது தவறெனத் தயங்காது கூறுவோம். அந்நிலையை உண்டாக்காமல் பெண்ணிடம் மட்டும் வாய்மையைக் கேட்பது வாய்மையையே இழிவுபடுத்துவது.

தவிரவும், அவ்விசாரணைக்கு அடிப்படையான எண்ணமே பிழையானது. இந்நோயுடையவள் மலடியல்லள். சூல் வெளிவருவது அரிதாகின்றது, அவ்வளவே. பலர் மருந்தின்றியே தாயராகின்றனர். ஏனையோரிற் பெரும்பாலோர்க்கு லெற்றோசோல் போன்ற மருந்துகள் உதவுகின்றன. பிள்ளை பெறாவிடினும் அவள் குறைந்தவளல்லள் என்பதே நம் முதல் நிலைப்பாடு. ஆயினும், பொய்யை அடித்தளமாகக் கொண்ட அச்சத்தைப் பொய்யென்றும் சொல்லவேண்டியிருக்கின்றது. மறைப்பால் வரும் உண்மையான கேடு வேறிடத்தில் உள்ளது. கல்யாணம் குழம்பிவிடுமென்று குமர்ப்பிள்ளையைக் கிளினிக்கிற்கு அனுப்பாத வீடுகளில், நீரிழிவும் இரத்த அழுத்தமும் எவரும் பாராமலே வளர்கின்றன.

நம் தீவைப் பற்றியும் சில உண்மைகள் உண்டு. கம்பஹா மாவட்டத்தின் அரைநகர்ப்புறம் ஒன்றில் ஏறத்தாழ மூவாயிரம் பெண்களிடையே கொழும்புப் பல்கலைக்கழகத்தார் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு, 15 முதல் 39 வயதுவரை உள்ளோருள் நூற்றுக்கு 6.3 பேரிடம் இந்நோய் உண்டெனக் கண்டது. பேராசிரியை சந்திரிக்கா விஜேயரத்ன முதலானோர் இங்கிலாந்தில் செய்து 2002இல் வெளியிட்ட ஒப்பீடோ, தெற்காசியப் பெண்களிடம் வெள்ளையரைவிட இளவயதிலேயே குறிகள் தோன்றுவதையும் இன்சுலின் தடை மிகுந்திருப்பதையும் காட்டிற்று. இதற்கும் பரம்பரையைக் காரணங்காட்ட விரைவோர் உளர். பஞ்சத்தைத் தாங்கி உயிர்தப்பிய சிக்கனமான உடல்கள் இன்று மிகுந்த உணவில் நோயுறுகின்றன என்னும் கருத்தை நீல் என்பவர் 1962இல் நீரிழிவுக்கு விளக்கமாகக் கூறினார். கவர்ச்சியான கதை, ஆயினும் அதற்குத் திடமான பரம்பரைச் சான்று கிடைத்ததில்லை. தாயின் வயிறும் ஒரு சூழலே என்பதற்குத்தான் சான்று பெருகுகின்றது. கருவிலேயே அந்திரோசன் ஏற்றப்பட்ட பெண் குரங்குகள் வளர்ந்தபின் இந்நோயை ஒத்த குறிகளைக் காட்டின. சுவீடனின் பதிவேடுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வில், நோயுற்ற தாயரின் மகளிர்க்கு நோய் காணப்படும் வாய்ப்பு ஐந்து மடங்காக இருந்தது. இதைக் கேட்டதும் தாயின் மீது மூன்றாவது பழியொன்றைச் சுமத்த வாய்கள் திறக்கும். கருவுற்றவள் எதை உண்டாள், எத்தனை மணிநேரம் வேலைசெய்தாள், எந்தக் கூலிக்குச் செய்தாள் என்பதை முதலில் விசாரிக்கட்டும்.

ஆஸ்பத்திரியிற் கூறப்படும் புத்தி எளிது: மாப்பொருளைக் குறை, நாள்தோறும் நட. தோட்டத்து லயத்தில் கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேநீரும் சுவையால் தெரிந்தெடுத்த உணவுகளல்ல, கூலிக்கு எட்டியவை. நடப்பதற்கும் இடம் வேண்டும். மாலையில் தனியே வீதியில் நடக்கும் இளம்பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதை அறியாதவரா நாம்? இங்கு ஆசிரியர்களை நோக்கி ஒன்று கேட்போம். ஓட்டத்திலும் வலைப்பந்திலும் முன்னின்ற சிறுமி 'பெரியபிள்ளை' ஆனதும் விளையாட்டுத் திடலிலிருந்து மறைந்துவிடுகிறாளே. அவளைத் திடலுக்கு மீட்டு அழைத்துவர எத்தனை பாடசாலைகள் முயன்றன? இந்நோய் முளைவிடுவது பெரும்பாலும் அந்த வயதிலேயே. சாமத்தியச் சடங்குக்குக் கடன்பட்டுப் பந்தலிடும் வீட்டில், அடுத்த ஆறுமாதம் மாதவிலக்கு வந்ததா என்று பிள்ளையிடம் கேட்பார் இல்லை.

இந்நாட்டில் வீடுவீடாகச் செல்லும் குடும்பநல மாதர் உளர்; கருவுற்றவளின் பெயரைப் பதிந்து, பிறந்த குழந்தையை நிறுத்து எழுதுபவர் அவர்களே. கம்பஹா ஆய்வு காட்டியதுபோல், சில எளிய வினாக்களே இந்நோயைக் கண்டறியும் வழியைத் திறந்துவிடும். அவ்வினாக்கள் கருவுற்றவளோடு நில்லாது, திருமணமாகாத பெண்களையும், ஒருத்திக்கு நோய் கண்டால் அவளுடைய சகோதரிகளையும் எட்டுதல் வேண்டும். அவளுடைய தகப்பனுக்கும் அண்ணனுக்கும் சீனிப் பரிசோதனைக்கு ஒரு சீட்டு அன்றே எழுதப்படட்டும்.